ஈரச் சாக்கு நாற்றம்

போன மாதம் எங்கள் பழைய காரை விற்றோம். வாங்க வந்தவர் திண்டிவனத்துக்காரர். பானெட்டைத் திறந்து பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார், அதெல்லாம் சரி. கடைசியில் ஏசியைப் போட்டு, காற்று வரும் ஓட்டையருகே மூக்கைக் கொண்டுபோய், "கடலோர வண்டி. ஏசி நாத்தம் அடிக்குமேங்க?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "எத வேணா குறை சொல்லுங்க. அந்த ஏசிய மட்டும் சொல்லாதீங்க" என்று படக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, பாவம்.

அந்த ஏசிக்காக நாங்கள் பட்ட பாடு அப்படி.

கார் எங்கள் வீட்டுக்கு வந்ததே எனக்காகத்தான். கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்ததிலிருந்து இரண்டு தடவை தரித்து, இரண்டு தடவையும் தங்கவில்லை. மூன்றாம் முறை நாள் தள்ளிப் போனபோது பாண்டி டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: பஸ் கூடாது, பைக் கூடவே கூடாது, ஆனால் சொன்ன தேதிக்குச் செக்கப்புக்கு வந்தாக வேண்டும். எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் உப்பளம் உண்டு. இவர் அந்த வருஷத்து உப்பை அவசர அவசரமாக வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சென்னையில் யாரோ ஓட்டிக் கழித்த காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஏகத் தடபுடல்.

ஆனால் எதற்காக வாங்கினோம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு முறை அடிபட்ட வீடு. "பாப்பா" என்ற சொல்லே அப்போது எங்கள் வீட்டில் கிடையாது. "உடம்பு எப்டி இருக்குது?" என்பார் இவர். "இருக்குது" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. தொட்டில், பெயர் என்று யாராவது வாயெடுத்தால் போதும், எழுந்து உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவார்.

முதல் பயணத்தில் அனுமந்தை தாண்டவில்லை, ஏசியிலிருந்து ஒரு வாடை வந்தது பாருங்கள்! மழையில் நனைந்த சாக்கை மடித்து மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. மசக்கைக்காரி மூக்குக்கு அது போதாதா? வண்டியை ஓரங்கட்டி, சவுக்குத் தோப்பருகே குனிந்தவள் நிமிரவே இல்லை. ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் அனல். முன்னால் ஒரு மீன் வண்டி போனாலோ, கதை முடிந்தது. போகும்போது வாந்தி, வரும்போது வாந்தி. அடுத்தடுத்த செக்கப்பில் எடை ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே போனது. "இப்டி வாந்தி எடுத்தா எப்டிம்மா தங்கும்?" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் கார்க் கண்ணாடியில் ஒரு சென்ட் பாட்டில் தொங்கியது. மல்லிகை வாசம். "எலி செத்த எடத்துல பூ வெச்ச மாதிரி இருக்குதுங்க, கழட்டுங்க இத" என்றேன். கழற்றினார். சாம்பிராணி போட்டார். கதவையெல்லாம் அடைத்துக்கொண்டு உள்ளே புகை மூட்டியதில் அவருக்குத்தான் இருமல் வந்தது.

பிறகு அவர் கை எதற்குப் போகுமோ அதற்கே போனது. உப்பு! இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உப்புதான். கண்பட்டால் உப்பைச் சுற்றிப் போடு, கால் வலித்தால் உப்புத் தண்ணீர், துணிச் சாயம் போகாமல் இருக்க உப்பு. "ஈரத்தாலதான நாத்தம்? நம்ம உப்பு அத்தனையும் இழுத்துடும் பாரு" என்று, எங்கள் உப்பளத்துக் கல்லுப்பைப் பழைய வேட்டித் துணியில் மூட்டை மூட்டையாகக் கட்டி, நான் கால் வைக்கும் இடத்துக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, கொஞ்ச நாள் வாடை குறைந்த மாதிரிதான் இருந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் உப்பு மூட்டை கட்டிக்கொடுத்தார்.

ஐப்பசி மழை பிடித்தது. மழை வந்தால் உப்பு கசியும் என்று உப்பளத்துக்காரனுக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? களத்தில் குவித்த உப்பைக் கீற்று போட்டு மூடுவதே அதற்காகத்தானே? ஆனால் காருக்குள் தொங்கிய உப்பு மட்டும் கசியாது என்று எப்படி நினைத்தாரோ! பாண்டிக்குப் போகும் வழியில் என் பாதத்தில் சொட்டு சொட்டாக விழுந்தது. குனிந்து பார்த்தால் காலடியில் விரித்த மேட்டு ஊறிக் கிடக்கிறது, செருப்பு நசநசக்கிறது, நாற்றமோ பழையதைவிட ஒரு பங்கு அதிகம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"உங்க உப்பும் வேணாம், உங்க காரும் வேணாம். இனிமே இதுல கால் வெக்க மாட்டேன்."

"வேற எதுலடி போவ?"

"போகவே மாட்டேன். ஆவறது ஆவட்டும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் முகம் செத்துவிட்டது. வீடு திரும்பியதும் மழைக்கு நடுவே மூட்டைகளை அறுத்து எறிந்தார். மேட்டை உருவி, வெயில் வந்தபோதெல்லாம் மாடியில் காயவைத்தார். அந்த முதுகைப் பார்த்த பிறகு வீம்பு பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த செக்கப்புக்கு முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். காயவைத்த மேட்டு பாண்டி போய்ச் சேர்வதற்குள் மறுபடி ஈரமாகிவிட்டது. உப்பு இல்லாமலேயே!

அன்று ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேர் எதிரே, ஷெட்டுக்கடியில் கார்கள் வந்து வந்து நின்றன. ஒவ்வொரு காரின் வயிற்றுக்கடியிலும் தண்ணீர் சொட்டி ஒரு சின்னத் தேக்கம். எங்கள் காருக்கடியில் மட்டும் தரை காய்ந்து கிடந்தது.

"என்னாங்க, எல்லா வண்டியும் ஒழுவுதே. நம்மளுது ஏன் ஒழுவல?"

அவர் பார்த்தார். மறுபடி பார்த்தார். "மடை அடைச்சினு இருக்குதுடி!" என்று எழுந்தே விட்டார். பாத்தியில் தண்ணீர் போக வழியில்லாமல் நின்றால் பாசி பிடித்து என்ன நாற்றம் நாறும் என்று எங்களுக்குத் தெரியாதா? வெள்ளை வேட்டியோடு காருக்கடியில் மல்லாந்து படுத்தார். ஏசித் தண்ணீர் வெளியே போகும் ரப்பர் குழாயைக் கண்டுபிடித்து, எங்கிருந்தோ வாங்கிய கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். கருப்புத் தண்ணீர் குபுக்கென்று அவர் முகத்திலேயே கொட்டியது. ஐயோ, அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டுமே! வாந்தியெடுத்து நொந்து கிடந்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் துப்பிக்கொண்டே சிரித்தார்.

ஊருக்கு வந்ததும் மெக்கானிக் ஃபில்டரை மாற்றி, நுரை மருந்தடித்து உள்ளே படிந்த பூஞ்சையைக் கழுவினார். "எறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஏசிய நிறுத்திட்டு ஃபேன மட்டும் ஓட வுடுங்க. உள்ள காஞ்சிடும், திரும்ப நாறாது" என்றார். காயவிடுவது உப்பளத்துக்காரனுக்குச் சொல்லியா தர வேண்டும்? இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். போகும்போது பாண்டிக்குக் கொஞ்சம் முன்னால் காலாப்பட்டு வந்தால் டக்கென்று ஏசி நிற்கும். வரும்போது உப்பளம் கண்ணில் பட்டால் நிற்கும். எனக்கு வாந்தி நின்றது. எடை ஏறியது. அப்போதும் அந்தச் சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை.

சித்திரையில், வெயில் ஏறும் நேரத்தில், எனக்கு வலி கண்டது. பின்சீட்டில் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு போனேன். வேர்த்து ஊற்றுகிறது, வலி விட்டு விட்டு உயிரை எடுக்கிறது. காலாப்பட்டு வந்தது. அவர் கை நீண்டது. டக்.

"அட பாவி மனுசா! நான் இங்க செத்துக்கினு இருக்கேன், இன்னிக்குக் கூடவா ஏசிய நிறுத்துவ!" அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை.

அவர் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வரும்போது பாப்பா இருக்கும்ல. நாறக் கூடாது."

அடுத்த வலி வந்தபோது ஃபேனை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னேன்.

திரும்பி வரும்போது மடியில் பாப்பா இருந்தாள். கார் நாறவில்லை.