காய்ச்சலிலும் நடக்கச் சொன்னவர்

மண்டபம் கடற்கரைச் சாலையில் நாள்தோறும் விடியற்காலையில் என்னுடன் நடந்தவர் அவர். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எழுபதை நெருங்கியும் முதுகு வளையாதவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். நான் இரண்டடி பின்தங்கினாலும் ஊதிவிடுவார்.

சென்ற மார்கழியில் எனக்குக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் கண்டன. அவர் வழக்கம்போல் வாசலில் வந்து அழைத்தார்.

"காய்ச்சல் அடிக்குதுண்ணே, இன்னைக்கு விட்ருங்க" என்றேன்.

"படுத்தா அது ஒங்கள அமுக்கிரும். நடந்தா வேர்வையில போயிரும். நான் எத்தன பயலுகளப் பாத்திருக்கேன்! எந்திரிங்க."

கற்றறிந்தவர் சொல்கிறாரே என்று நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் மூச்சு முட்டி, இராமநாதபுரத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். "இந்தச் சளியோட நடந்தீங்களா?" என்று மருத்துவர் கடிந்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றேன். சாதாரண ஜலதோஷத்துக்குக் கம்பளி போர்த்திப் படுத்திருந்தார்.

"நடக்கப் போகலையாண்ணே?"

"ஒடம்பு சரியில்லாதப்ப நடக்கலாமாய்யா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் தலைகவிழ்ந்தார். "தனியா நடந்து எங்கயாவது விழுந்துட்டா ஆருக்குத் தெரியும்? அதான் ஒங்களக் கூப்புட்டேன்."

அந்த அச்சத்தை முன்பே சொல்லியிருந்தால், காய்ச்சலோடு சாலையோரம் அமர்ந்து, அவர் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். ஆறு ஆண்டுகள் கூடவே நடந்தும், அதைச் சொல்லத் தகுந்தவனாக நான் அவருக்குத் தோன்றவில்லையே. அதுதான் இன்னும் ஆறவில்லை.