கொடியில் தொங்கும் ஸ்வெட்டர்

கழக்கூட்டம் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயவில்லை. மகள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் வாசலில் நானும் ஓரிடத்தில் நிற்க முடியாமல் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறேன். முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டேன். அவள் போனை எடுக்கவில்லை.

பக்கவாட்டுக் கொடியில், நான் பின்னிக் கொடுத்த கம்பளி ஸ்வெட்டர் தொங்குகிறது. ஈரத்தின் கனத்தில் கைகள் இரண்டும் ஒரு முழம் நீண்டுவிட்டன. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"யாரு இதைத் தொங்கப் போட்டது? துண்டு விரிச்சு அதுமேல பரப்பியில்ல காய வைக்கணும்!"

சமையல் செய்யும் லில்லி, களியக்காவிளைக்காரி, ஓடி வருகிறாள். "நாந்தான் அம்மா. தொங்கப் போட்டாத்தானே வெள்ளம் வடியும்?"

"கம்பளியை அடிக்கடி நனைக்கவே கூடாது. காத்தாட விட்டாலே போதும்னு சொல்லித்தான் அவகிட்ட கொடுத்தேன்."

"எப்படி நனைக்காம இருக்க? பிள்ளைக்கு ராத்திரி முழுக்கக் காச்சலு. இதப் போட்டுட்டேதான் படுக்குது, வேர்த்து வேர்த்து நாறிப் போவுது. இந்த வாரமே ரெண்டு தடவ அலசிட்டேன்." சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "அம்மாட்ட பறையாண்டாம்னு சொல்லியிருந்து..."

நேற்றும் போனில், நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னாள்.

"இப்ப எங்கே?"

"ஆபீஸுக்குத்தான். லீவு கிட்டலியாம்."

அந்த ஆபீஸில் ஏசி எலும்பைத் துளைக்கிறது என்று அவள் புலம்பியதால்தான் இதைப் பின்னினேன். கொடியிலிருந்து எடுத்துவிட்டேன்; இப்போது இது என் கையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். எதற்குள் அவள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.