பச்சை ஜேர்சி யாருக்கு

ஒரு ஜேர்சியை யாருக்குக் கொடுப்பது என்று வளர்ந்த ஆண்கள் ஒரு கோடைகாலம் முழுக்கச் சண்டை பிடித்ததை நான் லண்டனில்தான் கண்டேன். கண்டது மட்டுமா, நானும் ஒரு பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் என் பக்கம்தான் வென்றது. அந்த வெற்றியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த கல்லூரியின் பழைய மாணவர்கள் இங்கே ஓர் உதைபந்தாட்ட அணி வைத்திருக்கிறோம். நாற்பது தாண்டியவர்களின் அணி. கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்டனில் ஒரு மைதானத்தில் மற்றக் கல்லூரிகளின் பழைய மாணவர்களோடு விளையாடுவோம். விளையாடுவோம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பாதிப்பேருக்கு முழங்காலில் பட்டி, மீதிப்பேருக்கு முன்னால் தள்ளும் வண்டி வயிறு. ஆனாலும் ஒருவரும் விடமாட்டோம்.

கல்லூரியிலிருந்து நாங்கள் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. கோல் அடிக்கிறவனை ஊரே தூக்கிக்கொண்டு திரியும். தடுக்கிறவனை நாயும் திரும்பிப் பார்க்காது. அதனால் பின்னால் நின்று தடுக்கும் பாக்மாரில் அந்த வருடம் நன்றாக விளையாடியவருக்கு மட்டும் ஒரு பச்சை ஜேர்சி. அணியின் நிறம் மெரூன். பச்சை வேறு எவருக்கும் கிடையாது. அதைக் கொடுப்பவர் மாஸ்டரும் அல்ல, கப்டனும் அல்ல, கோல்கீப்பர். யார் தன்னைக் காப்பாற்றினார் என்று எல்லோருக்கும் பின்னால் கோலுக்குள் நிற்கிறவனுக்குத்தானே தெரியும்? கடைசி மட்சுக்கு முன்னர், உடை மாற்றும் அறையில், அந்த ஆள் வழக்கமாக இருக்கும் இடத்தில் ஜேர்சியை மடித்து வைத்துவிடுவார். அறிவிப்பு இல்லை, கைதட்டல் இல்லை. அந்த நேரத்தில் அறையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. எடுத்தவர் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தைத் தனியாக ஒரு சுற்று ஓடுவார், மற்றவர்கள் கோட்டில் நின்று பார்ப்பார்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு எல்லோரையும் போல மெரூனில் இறங்குவார். இங்கே டூட்டிங்கில் தைப்பித்த ஜேர்சி ஒன்றுதான் வருடா வருடம் கைமாறுகிறது.

ஒருவருக்கு மட்டும் அது ஒருநாளும் கிடைக்கவில்லை. எங்களுடைய ஸ்டொப்பர் அண்ணை. பின்வரிசையின் நட்ட நடுவில் நிற்கிறவர் என்பதால் அந்தப் பெயர். வீட்டில் வைத்த பெயரை அவருடைய மனைவியே மறந்திருப்பார் என்று பகிடி விடுவோம். கோலியர்ஸ் வுட்டில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் மனேஜர். உயரமான மனிதர். மேலால் வரும் பந்து எல்லாம் அவருடைய தலைக்குத்தான். "என்ரை!" என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அணியில் அவரைவிட நல்ல பாக் இருந்ததே இல்லை. இருந்தும் ஏன் கிடைக்கவில்லை என்றால், அத்தனை வருடமும் கோல்கீப்பராக நின்றவர் அவருடைய மச்சான், தங்கையின் கணவர். மச்சானுக்குக் கொடுத்தான் என்று சனம் கதைக்குமாம். சனம் கதைக்கும் என்ற ஒரே பயத்தில் ஒவ்வொரு வருடமும் அந்த ஜேர்சி வேறு யாருக்கோ போனது. ஸ்டொப்பர் அண்ணையும் அதைச் சரி என்றே ஏற்றுக்கொண்டு, கோட்டில் நின்று மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தார்.

போன வருடம் மச்சான் கனடாவுக்குப் போய்விட்டார். கையுறை என்னிடம் வந்தது. நான் ஹவுன்ஸ்லோவில் இருக்கிறேன், விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை. கோல்கீப்பராக நின்றால் அதிகம் ஓடத் தேவையில்லை என்பதுதான் அந்தப் பதவியில் எனக்கு இருந்த ஆசை. ஆனால் ஒரு எண்ணம் மட்டும் முதல் நாளே மனதில் விழுந்துவிட்டது. இந்த முறை அந்த ஜேர்சி அவருக்குத்தான்.

முதல் மட்ச் மே மாதத்தில் வந்தது. இடைவேளை முடிந்து பக்கம் மாறினோம். நான் போய்க் கோலுக்குள் நின்றால் முன்னால் ஸ்டொப்பர் அண்ணையின் முதுகைக் காணவில்லை. பார்த்தால் மனிதர் எதிரணியின் கோலுக்கு முன்னால், முதல் பாதியில் நின்ற அதே இடத்தில், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணை கட்சி மாறிட்டார்" என்று ஒருவர் கத்தினார். அவரும் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார். கிட்ட வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை.

அன்று அவரை நான்தான் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். வாசலில் நிறுத்தியும் அவர் இறங்கவில்லை.

"தம்பி, நீர்தானே இந்த முறை கோல்கீப்பர்?"

"ஓம் அண்ணை."

"கேக்க வெக்கமாக் கிடக்கு. ஆனால் கேக்கிறன். அந்தப் பச்சையைப் போட்டுக்கொண்டு ஒருக்கா ஓடவேணும். டொக்டர் சொல்லிப்போட்டார், எனக்கு மறதி வருத்தமாம். கூடிக்கொண்டு போகுமாம். எனக்கு விளங்கிற நேரத்திலை தந்தீர் எண்டால் நல்லம்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு என்னத்தைச் சொல்வது?

அடுத்த கிழமை அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்குப் போன் எடுத்தார். அண்ணை என்னிடம் வாய்விட்டது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "தம்பி, தயவுசெய்து ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். தகப்பனுக்கு மூளையிலை வருத்தம் எண்டு வெளியிலை வந்தால், பரம்பரையோ எண்டு கேப்பினம். கலியாணம் முடியும் வரைக்கும் வாயைத் திறக்காதேங்கோ." நான் சத்தியம் செய்து கொடுத்தேன். இதைத்தான் எங்கள் சனம் என்கிறது. மனிதன் கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டு போகிறான், நாங்கள் அடுத்த வீட்டுக்காரன் என்ன கேட்பான் என்று கணக்குப் பார்க்கிறோம். அக்காவை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும்.

ஜேர்சி எங்கள் சங்கச் செயலாளரிடம் இருந்தது. கல்லூரியில் ஒருநாளும் பந்தைத் தொடாத மனிதர் அவர். இந்த முறை ஜேர்சியை அடுத்த மட்சிலேயே கொடுத்துவிடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அவ்வளவுதான், குளவிக்கூட்டில் கல் எறிந்த மாதிரி ஆகிவிட்டது. யாருக்குக் கொடுக்கப் போகிறாய், ஏன் இந்த அவசரம், கோல்கீப்பருக்கு யார் இந்த அதிகாரத்தைத் தந்தது என்று கிளம்பி, கோலியர்ஸ் வுட்டில் ஒரு மண்டபம் எடுத்துக் கூட்டமே வைத்துவிட்டார்கள்.

தேநீரும் ரோல்ஸும் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிறவருக்கே கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். மட்சுகளை வீடியோ எடுத்து, யார் எத்தனை பந்து தடுத்தார் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். செயலாளர் கடைசியாக எழும்பினார். "ஒரு ஆள் தனியத் தீர்மானிக்கிறது இந்தக் காலத்துக்குச் சரிவராது. வட்ஸ்அப்பிலை வோட் வைப்பம். புதுசா வந்திருக்கிறவர் நல்லா விளையாடுறார், எல்லாருக்கும் தெரியும்தானே."

புதிதாக வந்தவர் டென்மார்க்கில் இருந்துவிட்டு லண்டனுக்குக் குடிவந்தவர். அப்போதுதான் நாற்பது தொட்டவர். நல்ல பாக், அதைவிட நல்ல மனிதர். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு வேண்டாம் அண்ணை, நான் இப்பத்தானே வந்தனான்" என்றார். அதை யார் கேட்டது?

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பந்து வரேக்கை வோட் போட்டோ எனக்கு முன்னாலை வந்து நிண்டவங்கள்?" என்று கேட்டேன். "எனக்குத்தான் தெரியும் ஆர் நிண்டது எண்டு. வழக்கத்தை மாத்தாதேங்கோ."

"வழக்கம் எண்டால் கடைசி மட்சிலைதான் குடுக்கிறது. நீங்கள்தானே முந்திக் குடுக்கக் கேட்டனீங்கள்" என்றார் செயலாளர்.

ஸ்டொப்பர் அண்ணைக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அடுத்த நிமிடமே ஜேர்சியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனால் சத்தியம் செய்துவிட்டேன். ஸ்டொப்பர் அண்ணை பின்வரிசையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, யாருக்கோ நடக்கும் வழக்கு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் ஓர் உபகுழுவுக்குப் போனது. உபகுழுவில் ஒருவர் கனடாவுக்குக் கலியாணத்துக்குப் போனார், இன்னொருவருக்குக் கோயில் தேர். ஜூன் போனது, ஜூலை போனது. நான் இடையில் அக்காவுக்கு இரண்டு தடவை போன் எடுத்து, மற்றவர்களுக்கு உண்மையைச் சொல்ல விடுங்கள் என்று கெஞ்சினேன். "மாப்பிள்ளை வீட்டார் இன்னும் முடிவு சொல்லேல்லைத் தம்பி" என்றார். அந்த நேரத்துக்குள் ஸ்டொப்பர் அண்ணை பெற்றோல் ஸ்டேஷன் வேலையை விட்டிருந்தார். லீவில் நிற்கிறார் என்று வெளியில் சொல்லியிருந்தார்கள். மைதானத்துக்கு மனைவிதான் கூட்டிவருவார். பத்து நிமிடம் இறக்குவோம். மேலால் ஒரு பந்து வந்தால், ஈஸ்வரா, அப்போதும் "என்ரை!" என்று எழும்பி அடிப்பார். இறங்கிய பிறகுதான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்பார். இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை. விளங்கியவர்களுக்கு விளங்கிவிட்டது, ஆனால் விளங்கியதாகக் காட்டிக்கொள்வதும் பிழை என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓகஸ்ட் கடைசியில் உபகுழு முடிவு சொன்னது. பழைய வழக்கமே நிற்கும். கோல்கீப்பரே கொடுப்பார், கடைசி மட்சில், ஒரு சொல்லும் பேசாமல். நான் வென்றுவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன், வெட்கமில்லாமல்.

கடைசி மட்ச் செப்டெம்பரில். எல்லோருக்கும் முன்னரே போய், கதவுக்குப் பக்கத்து நீள மர வாங்கில் அவர் எப்போதும் இருக்கும் மூலையில் பச்சை ஜேர்சியை மடித்து வைத்தேன். அக்காவுக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர் வெளியே கோட்டடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், ஓடும்போது வீடியோ எடுக்க. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஜேர்சி இருந்த இடத்தைக் கண்டு, ஒன்றும் பேசாமல் தங்கள் இடங்களில் இருந்தார்கள். செயலாளர்கூடத் தலையை ஆட்டினார். சரி என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஸ்டொப்பர் அண்ணை வந்தார். தன் இடத்தைப் பார்த்தார். ஜேர்சியைக் கையில் எடுத்தார்.

"ஆற்றை இது? ஆரோ என்ரை இடத்திலை விட்டிட்டாங்கள்."

ஒருவரும் பேசவில்லை. பேசக்கூடாது என்பதுதானே வழக்கம், அதைக் காப்பாற்றத்தானே நான் அவ்வளவு கத்தினேன். எல்லோரும் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஜேர்சியை ஏந்திக்கொண்டு வாங்கு நெடுக ஒவ்வொருவரிடமும் போனார். "உம்மடையோ? உம்மடையோ?" என்று கேட்டார். என்னிடம் வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. வழக்கமாவது மண்ணாவது.

"அண்ணை, அது உங்கடை. உங்களுக்குத்தான்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் தெரியாத சின்னவனைப் பார்த்துச் சிரிப்பது போல. "சீ, இது பச்சையெல்லே. பாக்மாரிலை நல்லவனுக்குக் குடுக்கிறது. எனக்குக் குடுக்கமாட்டினம், தம்பி. கோல்கீப்பர் என்ரை மச்சான். எனக்குத் தந்தால் சனம் கதைக்கும்."

"மச்சான் இல்லை அண்ணை. இப்ப நான்தான் கோல்கீப்பர்."

அது அவர் காதில் ஏறவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். புதிதாக வந்தவரில் அவருடைய கண் நின்றது. அவர் முன்னால் போய், "நீர்தான். நல்லா விளையாடுறீர், நான் பாத்தனான். கையைத் தூக்கும்" என்றார். புதியவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? அவர் கையைத் தூக்கினார். ஸ்டொப்பர் அண்ணை தன் கையாலேயே அந்த ஜேர்சியை அவருக்குப் போட்டு, கழுத்துப் பட்டியைச் சரி செய்து, முதுகில் தட்டி, கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே அக்கா போனை உயர்த்தினார். கதவால் வந்த பச்சைக்குள் வேறு ஒரு மனிதர் இருப்பதைக் கண்டதும் கை தானாகவே இறங்கியது. புதியவர் ஓடினார். முகத்தைத் துடைத்துத் துடைத்து ஓடினார். நாங்கள் எல்லோரும் கோட்டில் நின்றோம்.

ஸ்டொப்பர் அண்ணை எனக்குப் பக்கத்தில், அத்தனை வருடமும் நின்ற மாதிரி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சுற்று முடியும்வரை கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு என் பக்கம் சரிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சரியான ஆளுக்குத்தான் குடுத்திருக்கிறீர், தம்பி."