போக மட்டும் போட்ட கணக்கு

தைப்பேயின் நேய்ஹூ பகுதியில் ஒரு தொலைக்காட்சித் தொடர் நிறுவனம். எடுத்த காட்சிகளையெல்லாம் சேமிக்கும் இயந்திரங்கள் அதன் தரைத்தளத்தில் இருந்தன. அங்கிருந்து இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகமான கிளவுடுக்கு நகல் அனுப்ப எவ்வளவு பெரிய இணைப்பு வேண்டும் என்று கணக்குப் போடுவது சுவாங் வென்-பின்னின் வேலை. கணக்கில் புலி என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. சொல்வது அவரேதான், வேறு யாரும் முன்வரவில்லை.

தினமும் எவ்வளவு காட்சி சேரும், எப்போது நெரிசல், அடுத்த ஆண்டு எவ்வளவு கூடும், எல்லாவற்றுக்கும் வரைபடம் வைத்திருந்தார். நொடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பே தாராளம் என்று கூட்டத்தில் நிறுவினார். இன்னும் பெரிதாக வாங்கலாமே என்ற தயாரிப்பாளர் லூ அம்மாளை ஊதாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இலையுதிர் காலத்தில் புயல் அடித்தது. விடுமுறை அறிவித்திருந்தார்கள். சுவாங் வீட்டில் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறி இயந்திரங்கள் மூழ்கின. மறுநாள் எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, சுவாங் மட்டும் நிதானமாக, அத்தனையும் கிளவுடில் பத்திரம் என்றார். கைதட்டினார்கள். யாரோ பபிள் டீ வாங்கித் தந்தார்கள். அப்படியொரு மரியாதை கிடைத்துப் பழக்கமில்லாததால் டீயை மெல்ல மெல்ல உறிஞ்சினார்.

அது தீருமுன் படத்தொகுப்பாளர் ஃபாங் வந்து நின்றான். "சுவாங் அண்ணே, புது மெஷின் வருது. காட்சியெல்லாம் எப்போ கீழ வரும்?"

சுவாங் கால்குலேட்டரைத் தட்டினார். நம்பாமல் மறுபடி தட்டினார். வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக மேலே போனது, இப்போது ஒரே மூச்சில் கீழே வர வேண்டும். அதற்கு அவர் கணக்கே போட்டிருக்கவில்லை.

"மூணு வாரம் ஆகும்."

"அடுத்த வாரம் கடைசி எபிசோட் அண்ணே."

வேண்டியதை மட்டும் முதலில் இறக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். நாயகி பழசையெல்லாம் நினைத்து அழும் கட்டம், எது வேண்டும் என்று வெட்டும்போதுதான் தெரியும் என்றான் ஃபாங். லூ அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "கிளவுட்காரங்க டிஸ்க்ல ஏத்தியும் தருவாங்களாமே. தைனான்லதான் இருக்காங்க. நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க."

"நானா?"

"கணக்கு உங்களதுதானே."

தைனானில் டிஸ்குகளில் ஏற்றி முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. திரும்பும் அதிவேக ரயிலில் டிஸ்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் சுவாங். அதைவிட்டு நகரப் பயந்து கழிப்பறைக்கும் போகவில்லை. வயிற்றை மறக்க ஒரு கணக்குப் போட்டார். ரயில் ஒரு நொடிக்கு எவ்வளவு தரவைக் கொண்டுபோகிறது? விடையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இருபது வருடம் இணைப்புகளைத் திட்டமிட்டவர் இதுவரை அமைத்தவற்றிலேயே வேகமானது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவரேதான். பக்கத்து இருக்கைப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

கடைசி எபிசோட் குறித்த நாளில் வந்தது. நாயகி தாராளமாக அழுதாள். அலுவலகத்தில் அவரை 'எக்ஸ்பிரஸ் அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பத்து மடங்கு பெரிய இணைப்பு கேட்டார், முழுக்கத் திரும்பி வரும் கணக்கோடு. மாற்று வழி என்ற இடத்தில் தைனான் ரயில் பயணச்சீட்டு என்று எழுதினார். கழிப்பறையை ஒட்டிய நடைபாதை ஓர இருக்கை வேண்டும் என்றும் சேர்த்தார். லூ அம்மாள் கையெழுத்துப் போட்டார்.