கணையத்துக்கே சர்க்கரை

கல்லூரி மூன்றாம் ஆண்டில் எனக்குக் கணையம் வேடம் கிடைத்தது. பரமத்தி வேலூர் சந்தைக்கருகே சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாடகம். இதயத்துக்கு அடிதடி நடந்தது. கணையம் எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாததால், கூட்டத்துக்குத் தாமதமாகப் போன என் தலையில் அது விழுந்தது.

விடுதித் தோழி மஞ்சள் துணியில் பஞ்சடைத்துத் தைத்துக் கொடுத்தாள். முகத்துக்கு மட்டும் ஓட்டை. அதோடு பேருந்தில் உட்கார முடியாமல் நாமக்கல்லிலிருந்து நின்றபடியே போனேன்.

சந்தையில் வெற்றிலை விற்ற அம்மா ஒருவர் என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.

“ஏஞ்சாமி, நீ மக்காச்சோளமா?”

“இல்லீங்க, கணையம்.”

“அது எந்தப் பக்கம் வெளையுது?”

“வயித்துக்குள்ளீங்க. எல்லாருக்கும் இருக்குது.”

அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். “எனக்கு இருக்காது சாமி. போன வருசமே ஆப்பரேசன் பண்ணிக்கிட்டேன்.”

நாடகத்தில் லட்டு வந்து மோத, நான் சரிய வேண்டும். லட்டு வேடம் போட்டவன் கபடி ஆடுகிறவன். மோதிய வேகத்தில் உருண்டு போனேன். பஞ்சு எழ விடவில்லை. கூட்டம் கைதட்டியது. கரும்புச்சாற்றுக் கடைக்காரர் மட்டும் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்து, “மயக்கமா இருக்குமுங்க” என்று ஒரு டம்ளர் சாற்றைப் புகட்டினார். பாதி என் கையில் வழிந்தது.

நாடகம் முடிந்ததும், பக்கத்தில் போட்டிருந்த சர்க்கரைப் பரிசோதனை மேசைக்கு ஒருவரும் வரவில்லை. “நீ முதல்ல பாத்துக்க, சனங்க வருவாங்க” என்றார் எங்கள் பேராசிரியை. செவிலியர் என் விரலில் குத்தினார். எண் எகிறியிருந்தது. கருவியை இரண்டு முறை தட்டினார்.

“கணையத்துக்கே சர்க்கரையாமுங்க” என்று யாரோ சொன்னது சந்தை முழுக்கப் பரவியது. கையைக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தபோது குறைந்திருந்தது. “சாறு குடிச்சிருக்கறதால இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. எதுக்கும் வெறும் வயித்துல ஒருக்காப் பாத்துருங்க” என்றார் செவிலியர். அதற்குள் மேசை முன்னால் வரிசை சேர்ந்துவிட்டது. முதல் ஆள் அந்த வெற்றிலை அம்மா.

அடுத்த வாரம் வெறும் வயிற்றில் பார்த்தேன். நோய் இல்லை, ஆனால் அதன் வாசலில் நின்றிருந்தேன். தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று மருத்துவர் கேட்டார். காலையில் ஒன்றுமில்லை, பதினோரு மணிக்குக் கூல்டிரிங்ஸ், சாயங்காலம் பரோட்டா. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக நான் மனப்பாடம் செய்த வசனமே இதையெல்லாம் தொடாதீர்கள் என்பதுதான்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “ஒழுங்காத் தின்னாம ஒடம்பு எளைச்சுத்தான் இப்படி ஆகுது. ஊட்டுக்கு வா, அதிரசம் சுட்டு வெக்கறேன்” என்றாள். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. அவளையே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். விளக்கிச் சொல்லத்தான் கூட்டிப்போனது. வந்தவருக்கும் பார்த்துவிடலாம் என்றார் அவர்.

அம்மாவுக்கு இருந்தது, ரொம்ப நாளாகவே.

திரும்பும்போது பேருந்தில் ராசிபுரம் தாண்டியதும், “நாளையிலிருந்து நடக்கோணும்ங்கறாரு. எம்பட செருப்பு தேஞ்சு கெடக்குது, புதுசு எடுக்கோணும்” என்றாள்.