அடி விட்டுப்போகும் கூடை

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, கொழுந்துக் கூடை என்றால் என் மாமா முடைந்த கூடைதான். அம்மாவின் தம்பி அவர். பகலில் கவ்வாத்து வெட்டுவார். வேலை விட்டு வந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் மூங்கிலைச் சீவ உட்கார்ந்துவிடுவார். முடைந்த கூடைக்குள் என்னை இறக்கிக் குதிக்கச் சொல்வார். அடி அசையாது. அந்தப் பெருமையில் என் கால் தரையில் பாவாது.

அதற்கும் வந்தது சோதனை. மேட்டு லயத்து அக்கா ஒருத்தியின் கூடை மட்டும் அடிக்கடி அடி விட்டுப்போனது. அவள் கொண்டுவந்து எதிரே நிற்பாள். மற்றவர்களின் கூடையை மளமளவென்று முடிக்கும் மாமாவுக்கு அன்று மட்டும் கை ஓடாது. லயத்தில் பேச்சுக் கிளம்பியது.

“ஒங்க மாமாவுக்குக் கைப்பதம் போயிருச்சு புள்ள. இனிமே டவுன்லதான் கூடை வாங்கணும்” என்று பக்கத்துக் காம்பராப் பெரியம்மா சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அம்மாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்குப் போனேன். தண்ணீர் விழும் பீலிக்கரையில் அந்த அக்கா கூடையைக் கவிழ்த்துவைத்து, கொண்டை ஊசியால் அடி மூங்கில் சிம்புகளை நெம்பிக்கொண்டிருந்தாள். பாட்டு வேறு! எனக்கு வந்ததே கோபம். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன். சாக்குத் தூக்க வந்த மாமாவும் அங்கே நின்றார்.

“மாமா கூடையில ஒரு குத்தமும் இல்ல! மேட்டு லயத்து அக்காதான் ஊசியால பிரிக்கிறாங்க. நான் பாத்தேன்!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தராசு பிடித்த கணக்கப்பிள்ளைகூடச் சிரித்தார். மாமா என்னைத் தூக்கிக் கொஞ்சுவார் என்று பார்த்தால், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியே போனார். பேரைக் காப்பாற்றியவளுக்கு இதுவா மரியாதை!

“நல்ல காரியம் பண்ணினடி. அவங்க ரெண்டு பேரும் வாயைத் தெறக்குறதுக்குள்ள கெழடு தட்டியிருக்கும்” என்று பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அன்று மாலையே அம்மா மேட்டு லயத்துக்குக் கிளம்பினாள். சண்டைக்குப் போகிறவள் எதற்கு வெற்றிலை பாக்கு எடுத்துப்போகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

தை மாதம் கல்யாணம். மணவறையில் இருந்தவளிடமே போய்க் கேட்டேன்: “இனிமே கூடையைப் பிரிக்க மாட்டீங்கதானே, அத்தை?”

“இனிமே எதுக்குடி?” என்று சிரித்தாள். மாமா குனிந்த தலை நிமிரவில்லை.

நான் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போன வருடம் மாமா எனக்கும் ஒரு கூடை முடைந்து தந்தார். ஆசைக்கு என் கொண்டை ஊசியை அடியில் விட்டு நெம்பிப் பார்த்தேன். ஊசிதான் வளைந்தது. அத்தையின் கூடையை மட்டும் மாமா எப்படி முடைந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.