பத்மா அக்கா வரைந்த வெள்ளை அணுக்கள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பத்மா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் டீக்கடையில் அவரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, இல்லாத மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தேன். சிரிப்பு அடங்கும் முன்பே போன் வந்தது. நெஞ்சுவலி, வில்லாபுரம் வீட்டிலேயே போய்விட்டாராம். கண்ணாடியைச் சரிசெய்ய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் லேபில் அவர் ரத்தம் பார்ப்பவர். வார்டிலிருந்து ரத்தக் குப்பிகளைக் கொண்டுவருபவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அவரோடு வேலை பார்த்து இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும், விநோதமான அணு எதையாவது கண்டால் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் வரைந்துவிடுவார்.

"என்னக்கா, வடகம் காயப் போட்டிருக்கீகளா?" என்பேன்.

"ஆமா, ஒன் மூளையையும் சேத்துத்தான்" என்பார், தலை நிமிராமல்.

வண்டியூரிலிருந்து ஒரு பெண் குழந்தை வரும். நான்கு வயது. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. ஒருமுறை காய்ச்சல் விடவே இல்லை. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம் என்று மெஷின் காட்டியது. ரத்தப் புற்றாக இருக்குமோ என்று வார்டில் பேசியது தாயின் காதில் விழுந்துவிட்டது.

"அண்ணே, நெசமாண்ணே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரையே கேலி பேசும் நான் அன்று நேரே அக்காவிடம் ஓடினேன்.

அக்கா குழந்தையின் ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "எண்ணெய் விட்டாத்தான் தம்பி தெளியும்." சாப்பாட்டு வேளை கடந்தும் பார்த்துப் பார்த்து வரைந்தார். பிறகு தாளை டாக்டரிடம் நீட்டினார்.

"புத்துன்னா பெரும்பாலும் ஒரே அச்சுல வார்த்தாப்புல இருக்கும் சார். இது ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. கிருமியோட மல்லுக்கட்டுற அணு மாதிரி தெரியுது. இந்தப் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சலே கோளாறாத்தான வரும்? வைரஸ் இருக்கான்னு மொதல்ல பாத்துருவோம். அப்புறம் அந்தத் தாய்கிட்டப் பேசுங்க."

டாக்டரும் குனிந்து பார்த்தார், ஒத்துக்கொண்டார். வைரஸ்தான். சில வாரங்களில் அணுக்கள் அடங்கின. குழந்தையின் பழைய குறை அப்படியேதான் இருக்கிறது. இன்றும் ஊசிக்கு வந்து என்னை மிதித்துவிட்டுப் போகிறாள்.

அந்தத் தாளை அக்காவிடம் கேட்டு வாங்கினேன். "வச்சுக்க. வடகமுன்னு வறுத்துறாத" என்றார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். பதினாறாம் நாள் காரியத்தில் அவருடைய படத்தின் முன் வைத்தேன். வந்தவர்களுக்குக் கொடுக்கத் தட்டு பற்றவில்லை. யாரோ அந்தத் தாளை எடுத்து, இரண்டு உளுந்தவடையை வைத்து என் கையிலேயே கொடுத்தார்கள். தின்றேன். தாள் முழுக்க எண்ணெய். இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் அணுக்கள் தெளிவாகத் தெரிகின்றன.